தகரம், பெயிண்ட், பிள்ளையார்: டேஷ்போர்டு கேள்வி–பதில்

போன இதழில் கச்சிராயபாளையத்திலிருந்து வந்த ஒரு டேஷ்போர்டு கேள்வியை இடமில்லாமல் ஒத்திப்போட்டோம். அதற்குள் கல்வராயன் மலையடிவாரத்தில் இன்னும் எத்தனை பேர் ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத் தபால் பை காட்டிக்கொடுத்துவிட்டது. ஆகவே இந்த முறை முழுக்க டேஷ்போர்டுதான். கிளட்ச், மைலேஜ், கரும்புகைக் கேள்விக்காரர்கள் பொறுத்தருள்க.

அம்பாசடர்காரர், கச்சிராயபாளையம்: அப்பா ஓட்டிய வண்டி. டேஷ்போர்டு மங்கி, ஓரங்களில் துரு பிடித்திருக்கிறது. கழற்றிப் பெயிண்ட் அடிக்கப் போகிறேன். முதலில் எதைக் கழற்ற வேண்டும்?

பேட்டரியை. அதிலும் எர்த் முனையை. லைவ் முனையில் முதலில் கை வைத்து, ஸ்பேனரின் வால் பாடியில் பட்டுவிட்டால் அங்கேயே தீபாவளி. எர்த்தை எடுத்துவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பயமில்லை. திரும்ப மாட்டும்போது எர்த் கடைசி. ‘எர்த் என்றால் மைனஸ்தானே’ என்று கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். பிரிட்டிஷ் வழிவந்த பழைய வண்டிகள் சிலவற்றில் பிளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். பாடிக்குப் போகும் தடித்த வயர் எந்த முனையிலிருந்து கிளம்புகிறதோ, அதுதான் எர்த்.

அடுத்து போனை எடுங்கள், பேசுவதற்கு அல்ல. டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு நாலா பக்கமும் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு வயரிலும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, ‘பெட்ரோல் மீட்டர்’, ‘வைப்பர்’, ‘டிம் லைட்’ என்று பேனாவால் எழுதுங்கள். லூகாஸ் வழக்கப்படி பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவி திருப்பினால் உயிர் பெறுவது. பச்சை, அதே கரன்ட் ஃபியூஸைத் தாண்டி வருவது. நீலம் ஹெட்லைட்டுக்கு, சிவப்பு சைடு லைட்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு. லூகாஸ் டி.வி.எஸ். 1961-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி என்பதால் இந்த நிறக் கணக்கு நம்மூர் எலெக்ட்ரீஷியன்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் உங்கள் வண்டியில் இத்தனை வருடத்தில் கை வைத்தவர்கள் பலர். அவரவர் பெட்டியில் அன்றைக்கு என்ன நிறம் மிச்சமிருந்ததோ, அதை இழுத்து முறுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். நிறத்தை நம்பாதீர்கள், நீங்கள் எழுதிய டேப்பை நம்புங்கள்.

ஸ்பீடோமீட்டர் கேபிளைப் பின்னாலிருக்கும் வட்டத் திருகை விரலால் சுழற்றி எடுக்க வேண்டும். கட்டிங் பிளேயர் வேண்டாம். டெம்பரேச்சர் மீட்டரின் பின்னால் வயருக்குப் பதில் மெல்லிய உலோகக் குழாய் ஓடினால் அங்கே நில்லுங்கள். மீட்டர், குழாய், இன்ஜின் தண்ணீருக்குள் நிற்கும் குமிழ் மூன்றும் சேர்ந்து ஒரே உருப்படி. உள்ளே எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்து மூடியிருப்பார்கள். வெட்டினாலோ ஒடித்து மடக்கினாலோ மீட்டர் அலங்காரத்துக்கு மட்டுமே உதவும். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, இன்ஜின் பக்க முனையை விடுவித்து, குழாயை முழுசாக உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். ஆயில் பிரஷர் மீட்டருக்கும் குழாய் இருந்தால் அதில் வருவது நிஜமான ஆயில். கார்பெட்டின் மேல் பழைய துணி போடுங்கள்.

இவ்வளவும் செய்யும் முன்பே பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. உங்கள் டேஷ்போர்டு ஸ்குரூவிலும் நட்டிலும் நிற்கிறதா, பாடியோடு வெல்டு ஆன தகரமா? வெல்டு என்றால் கழற்றும் பேச்சுக்கே இடமில்லை. மீட்டர், நாப், கிளவ் பாக்ஸ் எல்லாவற்றையும் எடுத்து, ஸ்டீயரிங்கையும் முன் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, வண்டியிலேயே வைத்துத்தான் அடிக்க வேண்டும். கண்ணாடியை இறக்காமல் ரப்பர் பீடிங்கின் ஓரத்தில் டேப் ஒட்டி அடித்தால், ஒரே மழையில் அந்த ஓரத்திலிருந்து பெயிண்ட் உரியத் தொடங்கும்.

ஒரு பக்தர், வடக்கநந்தல்: டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையாரை எப்படி எடுப்பது? எடுக்கலாமா?

டபுள் டேப் என்றால் ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடு காட்டி, தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, பீடத்துக்கு அடியில் அறுத்துக்கொண்டே வாருங்கள். கோமுகி அணைப்பக்கம் மீன் பிடிப்பவர்களிடம் ஒரு முழம் நரம்பு இல்லாமலா போகும். அரால்டைட் என்றால் இன்னும் கொஞ்சம் சூடும், மெல்லிய பட்டித் தகடும் வேண்டும். பெயிண்ட் சேர்ந்து உரிந்தால் உரியட்டும், எப்படியும் அடிக்கத்தானே போகிறீர்கள். பிளாஸ்டிக் டேஷ்போர்டாக இருந்தால் மட்டும் சூட்டைக் குறையுங்கள்; வளைந்துவிட்டால் பிள்ளையாராலும் நிமிர்த்த முடியாது.

எடுக்கலாமா என்றால், சதுர்த்தி முடிந்ததும் தண்ணீரிலேயே இறக்குகிறோம். ஒரு மாதம் பூஜையறையில் இருங்கள் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார். ஊதுபத்தியை டேஷ்போர்டு இடுக்கில் சொருகும் பழக்கத்தை மட்டும் அவர் திரும்பி வரும்போது கூட்டி வராதீர்கள். பெயிண்டரின் பட்டியில் பாதி அந்தக் கரி ஓட்டைகளை அடைக்கத்தான் போகிறது.

ஒரு வாசகி, சின்னசேலம்: என் வீட்டுக்காரர் கழற்றிய டேஷ்போர்டு ஆறு மாதமாக ஹாலில் கிடக்கிறது. எப்போது மாட்டுவார்?

ஸ்குரூக்களை எந்த டப்பாவில் போட்டு வைத்தார் என்று கேளுங்கள், அம்மா. “எந்த ஸ்குரூ?” என்று அவர் திருப்பிக் கேட்டால், அதன் மேல் ஒரு துணி விரித்துப் பூந்தொட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர், தியாகதுருகம்: ஃபியட் வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று கீறல், ரேடியோவுக்குக் கீழே ஒரு சொட்டை. முழு டேஷ்போர்டையும் அடிக்கச் சொல்கிறார் பெயிண்டர்.

முழுசாக அடிப்பது அவருக்குச் சுலபம், அதனால் சொல்கிறார். கம்பெனி அடித்த பெயிண்ட் இன்னும் உயிரோடு இருந்தால் அதை உரித்துவிட்டுப் புதிது பூசுவதில் எனக்குச் சம்மதமில்லை. பழைய வண்டியில் பணம் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாதது அந்தப் பெயிண்ட்தான். சொட்டையைப் பின்பக்கமிருந்து தட்டி எடுக்கச் சொல்லுங்கள், கீறல்களைத் தொட்டு நிரப்பச் சொல்லுங்கள், மிச்சத்தை ரப்பிங் காம்பவுண்டால் மெதுவாகத் தேயுங்கள். நிறம் பொருந்தவில்லை என்று சொல்வார். வெயிலில் வெளுத்த மேல்பக்கத்தைப் பார்த்து நிறம் கலந்தால் எப்படிப் பொருந்தும்? கிளவ் பாக்ஸ் மூடியின் உள்விளிம்பு, மீட்டர் வளையத்துக்கு அடியில் மறைந்திருந்த இடம் இரண்டும் சூரியனைப் பார்த்ததில்லை. முழுசாக அடிக்கும்போது நிறம் எடுக்க வேண்டியது அங்கேதான். தொட்டு நிரப்பும்போது மட்டும் பக்கத்து நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

குழப்பத்தில் ஒருவர், சங்கராபுரம்: பெயிண்டர் என்.சி. என்கிறார். மகன் யூடியூப் பார்த்துவிட்டு பி.யு. என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

வண்டியின் வயதைக் கேளுங்கள். என்.சி., அதாவது நைட்ரோசெல்லுலோஸ், 1920-களில் மோட்டார் உலகையே புரட்டிப் போட்ட சரக்கு. அதற்கு முன் வார்னிஷ் வகைகளை மேலுக்கு மேல் பூசி, காரை வாரக்கணக்கில் காயப் போட்டார்கள். டியூபான்ட் கம்பெனியின் டியூகோ வந்ததும் வாரம் மணிக்கணக்காகச் சுருங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1924 மாடல் ஓக்லண்ட் காரை நீல டியூகோவில் இறக்கிக் காட்டியது. இன்றைக்கும் நம் பட்டறைகளில் சிலர் எந்த ஸ்ப்ரே வேலையையும் டியூகோ என்றே சொல்வதற்கு அந்த நூறு வருடச் செல்வாக்குதான் காரணம்.

என்.சி. காய்வது தின்னர் பறந்துபோவதால் மட்டுமே. மறுபடி தின்னர் பட்டால் கரையும். அதனாலேயே பழுது பார்க்கச் சுலபம்: புது பூச்சு பழைய பூச்சோடு கலந்து உட்கார்ந்துகொள்ளும். பெட்ரோல் கையோடு தொட்டால் கறை, வருடக்கணக்கில் வெயில் பட்டால் வெளுப்பு, இவை அதன் குறை. பி.யு., அதாவது பாலியூரிதேன், அப்படியல்ல. ஹார்டனர் சேர்த்ததும் வேதிவினை நடந்து இறுகுகிறது. பிறகு தின்னருக்கும் அசையாது. உறுதி அதிகம், பளபளப்பும் அதிகம், 1960-களின் வண்டிக்குள் அந்தப் பளபளப்பு பொருந்தாது. தகர டேஷ்போர்டு, வண்டிக்கு ஐம்பது வயது என்றால் என் ஓட்டு பெயிண்டருக்கு. தினமும் ஓடும் வண்டி என்றால் மகனுக்கு.

மகன் பக்கம் சாய்ந்தால் ஒரு விஷயம், இதில் விளையாட்டு இல்லை. பி.யு. ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அதன் மூடுபனியை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் இழுப்பு வரும். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வதும், மருந்துக் கடை மாஸ்க்கும் இதற்குப் பாதுகாப்பே அல்ல. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி உள்ள பட்டறையில் மட்டும் கொடுங்கள். வீட்டுத் திண்ணையில் வேண்டாம். பழைய பெயிண்டைத் தேய்க்கும்போதும் தண்ணீர் பேப்பர் போட்டு ஈரமாகவே தேயுங்கள். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூள் குழந்தைகள் விளையாடும் இடத்தில் பறக்கக் கூடாது.

இன்னொரு கச்சிராயபாளையத்துக்காரர்: நம் ஊரில் பெயிண்ட் அடிக்க ஏற்ற மாதம் எது?

ஆடியில் காற்று மண்ணை வாரி அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம்: என்.சி.யில் தின்னர் பறக்கும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து, பெயிண்ட் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். மார்கழியில் பனி. சித்திரை, வைகாசி வெயிலில் ஸ்ப்ரே கன்னிலிருந்து கிளம்பிய பெயிண்ட் தகரத்தைத் தொடும் முன்பே காய்ந்து, தொட்டால் சொரசொரக்கும். மிச்ச மாதங்களில் என் ஓட்டு மாசிக்கும் பங்குனிக்கும். அதிலும் காலைப் பனி விலகிய பிறகு, உச்சிக்கு முன்.

ஆனால் உங்கள் ஊரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறதே. அரவை நடக்கும் நாளில் புகைபோக்கியிலிருந்து வரும் கரித்தூள் ஈரப் பெயிண்டைக் கண்டால் விடாது. கரும்பு டிராக்டர்கள் கிளப்பும் புழுதி வேறு. மூடிய அறை, தரையில் தண்ணீர் தெளிப்பு, கதவிடுக்கில் ஈரச் சாக்கு, இந்த மூன்றும் இருந்தால் அரவைக் காலத்திலும் அடிக்கலாம். அடுப்பெரியும் சமையலறைக்கு அடுத்த அறை மட்டும் கூடாது. தின்னர் ஆவி தரையோடு ஊர்ந்து நெருப்பைத் தேடிப் போகும்.

பெயிண்டர் ஒருவர், ஆத்தூர்: டேஷ்போர்டு அடித்தால் மட்டும் அங்கங்கே சின்னச் சின்னக் குழி விழுகிறது. கதவு அடித்தால் விழுவதில்லை. ஏன்?

உங்கள் கையில் குற்றமில்லை. வண்டிக்காரர் இத்தனை வருடமாக அந்த டேஷ்போர்டில் தேய்த்த பளபளப்பு பாலிஷில் இருக்கும் சிலிக்கான் செய்யும் வேலை இது. பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி நிற்கும், மீன் கண் மாதிரி வட்டமாக. எல்லாரும் செய்யும் தப்பு, முதலில் தேய்த்துவிட்டுப் பிறகு துடைப்பது. அப்படிச் செய்தால் சிலிக்கானைத் தகரத்துக்குள்ளேயே தேய்த்து ஏற்றிவிடுகிறீர்கள். முதலில் சோப்புத் தண்ணீர். காய்ந்ததும் மெழுகு, எண்ணெய் எடுக்கும் கரைசலை ஒரு துணியால் ஈரமாகப் பூசி, காயும் முன் வேறொரு சுத்தத் துணியால் எடுத்துவிட வேண்டும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். பிறகுதான் எமரி. குழி விழுந்துவிட்டால் மேலே மேலே அடித்து மூட முயலாதீர்கள். காயவைத்து, தேய்த்து, மறுபடி முதலிலிருந்து.

வெல்டிங் பட்டறைக்காரர், சங்கராபுரம்: வீட்டு கேட்டுக்குப் பவுடர் கோட்டிங் போட்டேன், அருமை. டேஷ்போர்டுக்குப் போடலாமா?

அடுப்பின் சூடு பெரும்பாலும் 180 டிகிரி வாக்கில் இருக்கும். பட்டி போட்ட இடமெல்லாம் அங்கேயே கொப்பளித்துவிடும். கேட்டுக்கு கேட் வைத்தியம்.

மலைக்காரர், வெள்ளிமலை: டேஷ்போர்டை வெளிப் பாடி மாதிரியே கண்ணாடியாக மின்ன அடித்தேன். ஆனால் காலையில் கச்சிராயபாளையம் இறங்கும்போது கண் கூசுகிறது.

கூசத்தான் செய்யும். கிழக்கே வெயிலைப் பார்த்து மலைப்பாதையில் இறங்குகிறீர்கள். டேஷ்போர்டின் மேல்பரப்பு வெயிலை முன் கண்ணாடிக்கு அனுப்புகிறது, அது உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. வளைவில் எதிரே பஸ் வரும் நேரத்தில் இந்த அழகு தேவையா? மேல்பரப்பை மட்டும் 1000 நம்பர் தண்ணீர் பேப்பரால் மினுப்பைக் கொன்றுவிட்டு, மினுப்பில்லாத பூச்சு ஒன்று கொடுங்கள். செங்குத்தாக நிற்கும் முகப்பு மின்னினால் பரவாயில்லை.

பழமை விரும்பி, மூங்கில்துறைப்பட்டு: அந்தக் காலத் தகர டேஷ்போர்டின் கெட்டிக்கு இன்றைய பிளாஸ்டிக் ஈடாகுமா?

கெட்டிதான், ஐயா. அந்தக் கெட்டியில் மோதிக் கிழிந்த முகங்களைத் தைத்துக்கொண்டிருந்த டெட்ராய்ட் பிளாஸ்டிக் சர்ஜன் கிளேர் ஸ்ட்ரெயித், 1930-களிலேயே டேஷ்போர்டுக்கு மெத்தை வையுங்கள் என்று கார் கம்பெனிகளிடம் மன்றாடினார். காரின் உட்புற மோதல் பாதுகாப்புக்கு அமெரிக்காவில் கட்டாய விதி வந்தது 1968-ல். தகர அழகை வைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டும் மாட்டிக்கொள்ளுங்கள்.

மரப்பிரியர், கள்ளக்குறிச்சி: என்னிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. மரப் பலகை டேஷ்போர்டு செய்து மாட்ட ஆசை. நம் ஊர்ச் சிற்பிகளிடம் கொடுக்கலாமா?

நல்ல வண்டி, நல்ல ஊர். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் செய்த கார் அது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோட்டி. நான்கு கதவு ஹெரால்டு வேண்டும் என்று இங்கிலாந்துக்காரன் ஆசைப்பட்டாலும் கிடைக்காது. அது நம்மூரில் மட்டும் செய்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு 1200-க்கு மர முகப்பு உண்டு. உங்கள் வண்டிக்குக் கம்பெனி என்ன கொடுத்தது என்று முதலில் பாருங்கள். பழைய மரம் மேல்தாள் உரிந்து கிடக்கிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். தகரத்தையோ அட்டையையோ தூக்கிப் போட்டுவிட்டு மரம் வைப்பதென்றால், அது உங்கள் ஆசை, ஹெரால்டின் ஆசை அல்ல.

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் டேஷ்போர்டுக்கு வேண்டியது செதுக்கு வேலை இல்லை. நல்ல பிளைவுட்டின் மேல் மெல்லிய மரத்தாள் ஒட்டும் வேலை. சிற்பியிடம் தெளிவாகச் சொல்லாவிட்டால் ஸ்பீடோமீட்டரைச் சுற்றித் திருவாசி வந்துவிடும். அடுத்தடுத்துச் சீவிய இரண்டு மரத்தாள்களைப் புத்தகம் திறப்பதுபோல் இரு பக்கமும் வைத்தால் ரேகைகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். பலகையின் கனம் பழையதைவிட ஒரு நூல்கூட ஏறக் கூடாது. மீட்டர்களைப் பின்னாலிருந்து பிடிக்கும் வளைவுப் பட்டைக்கு மரை எட்டாமல் போய்விடும். ஓட்டைகளின் உள்விளிம்புக்கும் வார்னிஷ் கொடுங்கள், ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான்.

இளைஞர், கரியாலூர்: தாத்தாவின் அம்பாசடரில் பத்து அங்குல டச் ஸ்க்ரீன் வைக்க வேண்டும். டேஷ்போர்டை எங்கே வெட்டலாம்?

எங்கேயும் இல்லை, தம்பி. கிளவ் பாக்ஸுக்குள் ஒரு சின்ன புளூடூத் ஆம்ப்ளிஃபயரை ஒளித்து வை. பாட்டு வரும், தகரம் பிழைக்கும். அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் உத்தரபாராவில் நின்றுபோனது. வெட்டிய டேஷ்போர்டுக்கு மாற்று வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டையிலோ கொல்கத்தா மல்லிக் பஜாரிலோ இன்னொரு வண்டி செத்திருக்க வேண்டும்.

பெயர் வேண்டாம் என்றவர், ஊரும் வேண்டாம் என்றார்: மீட்டரைக் கழற்றித்தானே வைத்திருக்கிறோம், கிலோமீட்டரைக் கொஞ்சம் பின்னால் திருப்பிவிடலாமா?

அதற்குப் பெயர் மோசடி. கேள்வியிலேயே பெயரை மறைத்தபோது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆர்.சி.க்காரர், உளுந்தூர்பேட்டை: டேஷ்போர்டு நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ.விடம் சொல்ல வேண்டுமா? வண்டி 1970. வின்டேஜ் என்று பதியலாமா?

ஆர்.சி.யில் இருப்பது வெளிப் பாடியின் நிறம். அதை மாற்றினால்தான் அலுவலகம் ஏற வேண்டும், உள்ளே டேஷ்போர்டுக்குத் தேவையில்லை. இன்ஜின் அறைப் பக்கம் இருக்கும் சேஸிஸ் எண் தகட்டின் மேல் மட்டும் பெயிண்ட் படக் கூடாது. எண் தெரியாவிட்டால் எஃப்.சி.யில் நிற்க வைத்துவிடுவார்கள்.

உங்கள் வண்டி நின்ற இடத்திலேயே தென்னாற்காட்டில் பிறந்து, 1993-ல் விழுப்புரத்துக்குப் போய், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டது. அதற்கும் அந்தஸ்து வேண்டும்தான். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை வின்டேஜ் என்று பதியலாம். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருடம் செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்புறம் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. சந்தைக்கும் கல்யாணத்துக்கும் இன்னும் அதில்தான் போகிறீர்கள் என்றால் இப்போதிருக்கும் ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

அடுத்த இதழ் வயரிங். கேள்வி அனுப்புகிறவர்கள் வண்டியின் பெயர், மாடல், ஆண்டு மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். ‘பழைய கார், லைட் எரியவில்லை’ என்று மட்டும் எழுதினால், ‘சுவிட்சைப் போடுங்கள்’ என்றுதான் பதில் வரும்.